லெவல் ஏற்றுகிற கணக்கு

கொக்குவில்,
யாழ்ப்பாணம்.

அன்பின் மச்சான்,

நாங்கள் எல்லாரும் நல்ல சுகம். இங்கே சோளகம் விடாமல் வீசுகிறது, மேசையில் கடதாசி நிற்குதில்லை. பருத்தித்துறையில் கடற்கரைப் பக்கம் சொல்லவே வேண்டாம். நீ நாலு பெடியளைச் சேர்த்து டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், அதுதான் பகடை உருட்டி ஆளுக்கொரு பாத்திரமாக நடிக்கிற கதை ஆட்டம், தொடங்கப்போகிறாய் என்று அறிந்து சரியான சந்தோசம். பாத்திரங்களின் லெவலை, அதாவது பலப் படியை, ஏற்றுவதற்கு என்ன வீட்டு விதி (எங்கட மேசைக்கு நாங்களே வைக்கிற விதி) வைக்கலாம் என்று கேட்டிருந்தாய். அதைத்தான் வடிவாக எழுதுகிறேன்.

எதற்குப் புள்ளி கொடுக்கிறாயோ, பெடியள் அதைத்தான் செய்வாங்கள். 1981இல் வந்த பேசிக் விதிகளில் கொப்லின் என்ற குட்டிப் பூதம் ஒன்றைக் கொன்றால் 5 எக்ஸ்பி, அதாவது அனுபவப் புள்ளி. ஃபைட்டர், அதாவது போர்வீரன், இரண்டாம் லெவலுக்குப் போக 2,000 வேணும். கொப்லினை மட்டும் வெட்டி ஏறுவதென்றால் 400 கொப்லின்! ஆனால் குகைக்குள் இருந்து பத்திரமாக வெளியே கொண்டுவந்த ஒவ்வொரு பொற்காசுக்கும் 1 எக்ஸ்பி. அப்ப சத்தம் போடாமல் போய்ப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருகிறவன்தான் கெட்டிக்காரன். 2014இன் ஐந்தாம் பதிப்பில் அதே கொப்லினுக்கு 50. இரண்டாம் லெவலுக்கு 300 காணும். பொன்னுக்கு ஒன்றும் இல்லை. ஆளுக்கு ஆறு கொப்லின், நாலு பேருக்கு 24. இங்கே வாளை உருவுவதுதான் லாபம்.

பழைய விதியில் ஆசைப்பட்டு, காசுக்கு எக்ஸ்பி என்பதை மட்டும் பிடுங்கி ஐந்தாம் பதிப்பு அட்டவணையில் ஒட்டிவிடாதே. 1,200 காசு உள்ள ஒரு பெட்டி கிடைத்தால் நாலு பேரும் அன்றைக்கே இரண்டாம் லெவல். பொன்னுக்குப் புள்ளி வேணுமென்றால் அட்டவணையையும் பழையதாகவே எடுக்க வேணும்.

உன்ர மேசைக்கு நான் சொல்வது இதுதான். எக்ஸ்பியை விட்டுவிடு. விளையாடி முடிய மூன்று கேள்வி கேள். புதிதாக ஒரு இடத்தையோ இரகசியத்தையோ கண்டுபிடித்தாங்களா? ஒரு ஆபத்தைத் தாண்டினாங்களா? கொன்றும் தாண்டலாம், கதைத்தும் தாண்டலாம், ஒளித்தும் தாண்டலாம், எல்லாம் ஒன்றுதான். ஆருக்கும் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினாங்களா? ஒவ்வொரு ஓமுக்கும் கொப்பியில் ஒரு கோடு. முதல் 3 கோட்டுக்கு இரண்டாம் லெவல், அதற்குமேல் 5 கோட்டுக்கு மூன்றாம் லெவல், நாலாம் ஐந்தாம் லெவல்களுக்கு எட்டெட்டு, பிறகு பத்துப் பத்து. கோடு முழுக் குழுவுக்கும் பொது. நல்லாக நடித்தவனுக்குத் தனிக்கோடு என்று தொடங்கினால், வாய்க்காரன் ஏறிக்கொண்டே போவான், கூச்சப்படுகிற பிள்ளை கீழேயே நிற்கும்.

வராத ஆளுக்கும் அதே லெவல்தான். இதில் இரக்கம் பார்க்கத் தேவையில்லை, கணக்கே அப்படி. நல்லூர்த் திருவிழா 25 நாளும் ஆர் வருவான் ஆர் வரமாட்டான் என்று சொல்லேலாது, பிறகு ரியூசன், சோதினை. ஐந்தாம் லெவல்தான் பெரிய படி: ஃபைட்டருக்கு ஒரே முறையில் இரண்டாவது அடி, மந்திரவாதியான விசார்ட்டுக்கு ஃபயர்போல் என்ற நெருப்பு மந்திரம். ஃபயர்போலின் சேதம் எட்டு ஆறுமுகப் பகடை, சராசரி 28. உடற்கட்டு +1 உள்ள நாலாம் லெவல் விசார்ட்டிடம் இருப்பது 22 ஹிட் பொயின்ற், அதாவது உயிர்ப் புள்ளி. எதிரி மற்றவர்களின் லெவலைப் பார்த்து ஒரு ஃபயர்போல் எறிந்தால், தப்பும் வீச்சு (சேதத்தைக் குறைக்க உருட்டுகிற பகடை) பிழைத்த உடனே பின்தங்கின பெடியன் விழுந்துவிடுவான். பேந்து அவன் அடுத்த கிழமை வரமாட்டான்.

ஹிட் பொயின்ற்றில்தான் எல்லாரும் சண்டை பிடிப்பாங்கள். லெவல் ஏறும்போது அதைக் கூட்டப் புத்தகத்தில் இரண்டு வழி: பகடை உருட்டு, இல்லாவிட்டால் நிலையான எண்ணை எடு. ஃபைட்டருக்கு 6, விசார்ட்டுக்கு 4. உருட்டி 1 விழுந்தால் அந்த இழப்பு கடைசி மட்டும் கூடவே வரும். உருட்டுகிற சந்தோசத்தையும் பறிக்கக்கூடாது. அதனால் உருட்டட்டும், நிலையான எண்ணுக்குக் குறைந்தால் அந்த எண்ணையே எடுக்கட்டும். இதற்கு ஒரு விலை இருக்கிறது. ஃபைட்டரின் சராசரி 7 ஆகும், விசார்ட்டுக்கு 4.5. பத்தாம் லெவலில் ஃபைட்டரிடம் நிலையான எண்ணை எடுப்பதைவிட ஏறத்தாழ 9 பொயின்ற் கூட இருக்கும், விசார்ட்டிடம் அதில் பாதிதான். சண்டை இலேசாகப் போகிறது என்று பட்டால் பெரிய எதிரிக்கும் கொஞ்சம் ஏற்றிக்கொள்.

கோடு நிறைந்தவுடன் நடுச்சண்டையில் லெவல் ஏற்ற விடாதே. எட்டு மணித்தியால ஓய்வு முடியவேணும். ஆட்டத்தின் கடைசியில் அந்த ஓய்வு வருமாறு பார்த்துக்கொண்டால், ஸ்பெல் (மந்திரம்) தெரிவு எல்லாத்தையும் வீட்டில் ஆறுதலாகச் செய்துகொண்டு வருவாங்கள்.

பயிற்சிக்குக் காசு அறவிடுகிற யோசனை வேண்டாம். 1979இன் பழைய புத்தகத்தில் கிழமைக்கு, இருக்கிற லெவலை 1,500ஆல் பெருக்கின அளவு காசு கேட்டாங்கள். புள்ளி நிறைந்தும் கை வெறுமையாக நிற்கிற குழு, கதையை விட்டுவிட்டுக் காசு தேடப் போய்விடும். ஐந்தாம் பதிப்பு விசார்ட், கண்டெடுத்த ஸ்பெல்லைத் தன் புத்தகத்தில் எழுத ஏற்கெனவே ஸ்பெல் லெவலுக்கு 50 காசும் 2 மணித்தியாலமும் கொடுக்கிறான். அவனிடம் இரண்டு தரம் வாங்குவது நியாயமில்லை.

இரண்டு கிளாஸ், அதாவது ஃபைட்டர், விசார்ட் போன்ற வகைகள், கலக்கிறவன் இருந்தால் மட்டும் ஒன்று. பலம், அறிவு போன்ற திறன் எண்களைக் கூட்டுவதை 4, 8, 12, 16, 19 என்று மொத்த லெவலில் கொடு. ஃபைட்டர் 3, விசார்ட் 3 என்று நிற்கிறவனுக்கு, புத்தகம் ஒவ்வொரு கிளாஸின் லெவலையும் தனியாகப் பார்ப்பதால், இன்னும் ஒன்றுமே கிடைத்திராது, பாவம். ஆனால் ஃபைட்டருக்கு 6இலும் 14இலும் மேலதிகமாக வருவது அந்த கிளாஸ் லெவலில்தான் இருக்க வேணும், இல்லாவிட்டால் எல்லாரும் ஒரு லெவல் ஃபைட்டர் எடுத்துக்கொண்டு வந்துவிடுவாங்கள்.

இதெல்லாத்தையும் தொடங்க முன்னமே ஒரு தாளில் எழுதி மேசையில் வை. இடையில் மாற்ற வேண்டி வந்தால், வரப்போகிற லெவலுக்கு மாற்று. கொடுத்ததைத் திருப்பி எடுக்காதே.

பெடியள் என்னென்ன கிளாஸ் எடுக்கிறாங்கள் என்று எழுது. ஆரும் வோர்லொக் என்ற இன்னொரு மந்திரக்கார வகையை எடுத்தால் சண்டைகளுக்கு இடையில் எடுக்கிற குட்டி ஓய்வைப் பற்றித் தனியாகக் கதைக்க வேணும், அதை அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன். அம்மாவைக் கேட்டதாகச் சொல்லு.

அன்புடன்,
உன் மச்சான்