மாஸ்டர் ஒலியை இறக்கியதில் 412 கிளிப்பின் அளவுகளும் அழிந்தது குறித்துப் புகார்

அனுப்புநர்:
வீடியோ ஸ்டுடியோ உரிமையாளர்,
அம்மாபேட்டை, சேலம்.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். இது நான் உங்களுக்கு எழுதும் ஐந்தாவது கடிதம். முதல் நான்கை ஆங்கிலத்தில் எழுதினேன். நான்குக்கும் ‘தொடர்பு கொண்டதற்கு நன்றி’ என்று ஒரே பதில்தான் வந்தது. இனிமேல் தமிழில்தான் எழுதப் போகிறேன், படிக்க ஆள் வைத்துக்கொள்ளுங்கள்.

விஷயம் உங்களுக்குத் தெரியாததில்லை, நீங்கள் செய்த வீடியோ எடிட்டிங் மென்பொருள்தானே. புது அப்டேட்டுக்கு முன்னால், மொத்தப் படத்தின் ஒலியையும் கூட்டிக் குறைக்கும் மாஸ்டர் ஸ்லைடரை 4 டெசிபல் இறக்கினால், ஒவ்வொரு கிளிப்பும் தான் இருந்த இடத்திலிருந்து 4 இறங்கும். ஏற்றி வைத்தது ஏற்றமாகவும் தாழ்த்தி வைத்தது தாழ்வாகவும் நிற்கும். இப்போது அதே ஸ்லைடரை இறக்கினால் எல்லாக் கிளிப்பும் மைனஸ் 4-ல் வந்து நிற்கிறது, பள்ளிக்கூடப் பிரேயரில் வரிசை கட்டின மாதிரி. கிளிப்புக்குள் இடத்துக்கு இடம் ஒலியை ஏற்றி இறக்க நான் போட்ட குறிகள், அதாவது கீஃப்ரேம், ஒன்றுகூட மிச்சமில்லை. ‘எல்லாம் அழிந்துவிடும், சரியா?’ என்று ஒரு வார்த்தை கேட்கவுமில்லை. சேமித்து மூடிவிட்டுக் காலையில் திறந்தால் அன்டூவும் கிடையாது. ஆட்டோசேவில் இருந்த பழைய நகல்களையும் புது நகல்கள் தின்றுவிட்டன.

வைகாசியில் எடுத்த கல்யாணம் அது. மூன்று மணி நேரப் படம், 412 கிளிப். கல்யாண வீடியோவில் படத்தைவிட ஒலிதான் பாடு. கெட்டிமேளம் கொட்டும்போது தவில் பதிவின் உச்ச வரம்பான 0 டெசிபலைத் தொட்டுக் கிழியும். எங்கள் பக்கத்துக் கொங்குக் கல்யாணத்தில் மங்கல வாழ்த்து பாடுவார்கள். அன்றைக்குப் பாடிய பெரியவருக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும், குரல் மைக்குக்கே எட்டவில்லை. தவிலை இறக்கி, அவர் குரலை ஏற்றி, பின்னால் ஓடும் ஜெனரேட்டர் இரைச்சலை அமுக்கி, ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்து வைத்தேன். கடைசியில் மொத்தமாகக் கொஞ்சம் சத்தம் அதிகமாகத் தெரிந்தது. இரவு ஒரு மணிக்கு மாஸ்டரை 4 இறக்கி எக்ஸ்போர்ட் போட்டுவிட்டுப் படுத்தேன். முழுக்க ஓட்டிப் பார்க்காமல் கொடுத்தது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ‘விடிஞ்சதும் பென்டிரைவ் வேணும்’ என்று நிற்கிற வீட்டில் மூன்று மணி நேரம் எங்கே போய்ப் பார்ப்பது?

பெண்ணின் அப்பா சொந்தபந்தத்தை எல்லாம் உட்காரவைத்துப் பெரிய டிவியில் போட்டார். என்னையும் கூப்பிட்டு நாற்காலி போட்டார். நாதஸ்வரம் வந்ததும் தொட்டிலில் தூங்கிய குழந்தை வீல் என்று அலறியது. அவர் சத்தத்தைக் குறைத்தார். பெரியவர் பாடும்போது வாய் மட்டும் அசைந்தது. கூட்டினார். உடனே தவில் அடித்தது. குறைத்தார். அரை மணி நேரம் அவர் கட்டைவிரல் அந்த இரண்டு பட்டனை விட்டு நகரவில்லை. அப்புறம் எழுந்து வந்து ரிமோட்டை என் கையில் வைத்து, ‘நீயே புடி தம்பி’ என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

இதைச் சொல்லத்தான் உங்கள் சேவை எண்ணுக்குக் கூப்பிட்டேன். முதல் ஆள் அழித்துவிட்டு மறுபடி நிறுவச் சொன்னார். அடுத்தவர் புது கிராபிக்ஸ் கார்டு வாங்கச் சொன்னார். ஒலிக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் என்ன சம்பந்தம் ஐயா? மூன்றாவதாக ஒருவர் எடுத்தார். நான் பேசி முடிக்கும் முன்பே, ‘சார், சாஃப்ட்வேர் நல்லாத்தான் இருக்கு, நீங்க காதை ஒரு நல்ல டாக்டர்கிட்ட காட்டுங்க’ என்றார். பக்கத்தில் யாரோ சிரித்ததும் கேட்டது. என் காது நன்றாகக் கேட்கிறது என்பதற்கு அதுவே சாட்சி.

பத்தொன்பது வருடமாக இந்தக் காதை வைத்துத்தான் சோறு தின்கிறேன். 6 டெசிபல் இறக்கினால் அலையின் உயரம் பாதியாகும் என்பதும், காதுக்குப் பாதியாகத் தெரிய ஏறக்குறைய 10 இறக்க வேண்டும் என்பதும் எனக்கு எந்த டாக்டரும் சொல்லித் தரவில்லை. காதைக் காட்டச் சொன்ன அந்தத் தம்பி கடைசியாகச் சொன்ன வைத்தியம், எல்லாக் கிளிப்பையும் தேர்ந்தெடுத்து நார்மலைஸ் போடுவது, அதாவது ஒவ்வொன்றின் உச்சமும் 0 டெசிபலைத் தொடும்வரை ஏற்றுவது. அதையும் செய்தேன். நார்மலைஸ் பார்ப்பது கிளிப்பின் உச்சத்தை மட்டும்தான். மங்கல வாழ்த்துக் கிளிப்பில் யாரோ எவர்சில்வர் டம்ளரைக் கீழே போட்டிருக்கிறார்கள். அந்த ‘டணார்’ மைனஸ் 1-ல் இருக்கிறது. ஆக உங்கள் நார்மலைஸ் பெரியவர் குரலை ஒரே ஒரு டெசிபல் ஏற்றிவிட்டு வேலை முடிந்தது என்றது. டம்ளர் மட்டும் அருமையாகக் கேட்கிறது.

அடுத்து கோவை. உங்கள் இணையதளத்தில் போட்டிருக்கும் அதிகாரபூர்வ மையம் அவினாசி சாலையில்தானே? விடியற்காலை நாலரைக்குப் புது பஸ் ஸ்டாண்டில் ஏறினேன். கணினியின் பெட்டியையே மடியில் வைத்துக்கொண்டு போனேன், பவானி தாண்டுவதற்குள் தொடை மரத்துவிட்டது. மூன்றாவது மாடி, லிப்ட் ஓடவில்லை. பத்தரைக்குத் திறந்த பையன் பெட்டியைப் பார்த்துவிட்டு, ‘நாங்க லைசென்ஸ் மட்டும்தான் விக்கிறோம், சர்வீஸ் எல்லாம் அந்த நம்பர்லதான்’ என்றான். டீ வாங்கித் தந்தான், அவனைக் குறை சொல்லவில்லை. அங்கேயே நின்று அந்த நம்பருக்குப் போட்டேன். 25 நிமிடம் காத்திருப்பு இசை. அந்த இசை காதைக் கிழிக்கிறது, ஆள் வந்தால் பேச்சு கேட்கவில்லை. அதையும் உங்கள் மென்பொருளில்தான் செய்தீர்கள் போலிருக்கிறது.

இன்னொன்று, இது கோவைக்கு முன்னால் நடந்தது. ஏற்காட்டில் ஒரு எஸ்டேட் பங்களாவில் நிச்சயதார்த்தம். இருபது கொண்டை ஊசி வளைவில் பாதி ஏறியிருப்பேன், உங்கள் ஆள் கூப்பிட்டார், இப்போதே கணினியைத் திறந்து திரையைக் காட்ட வேண்டுமாம். கணினி அம்மாபேட்டையில், நான் மலையில், கேமரா பையைப் பிடித்து இழுக்கும் குரங்கு எதிரில். நாளை பேசலாமா என்று கேட்பதற்குள் சிக்னல் போனது. மாலையில் கீழே இறங்கினால் குறுஞ்செய்தி: ‘வாடிக்கையாளர் ஒத்துழைக்காததால் புகார் முடிக்கப்பட்டது.’

சத்தியமாகச் சொல்கிறேன், அன்றைக்கு இரவு சாப்பிடவில்லை.

ஆடியில் கல்யாணம் கிடையாது, எங்களுக்கு அதுதான் எடிட்டிங் மாதம். சேலத்தில் ஆடி என்றால் கோட்டை மாரியம்மன் பண்டிகை, தெருவுக்குத் தெரு ஒலிபெருக்கி. பகலில் ஹெட்போன் போட்டாலும் பாட்டுத்தான் கேட்கும். அதனால் பதினோரு ராத்திரி கண்விழித்து 412 கிளிப்பையும் கையால் திரும்ப வைத்தேன். மொத்தக் காட்சியையும் ஒரே கூட்டுக் கிளிப்பாக மடித்து, அந்த ஒன்றின் ஒலியை மட்டும் இறக்கினால் உள்ளே இருப்பது கெடுவதில்லை என்று கண்டுபிடித்தது உங்கள் பொறியாளர் இல்லை, பிளஸ் டூ படிக்கும் என் மகன். வேண்டுமானால் அதை உங்கள் ஆட்களுக்குச் சொல்லிக் கொடுங்கள், கட்டணம் கேட்க மாட்டான்.

எனக்கு நஷ்டம் ஐந்து லட்சம். கணக்குக் கேட்பீர்கள். அந்தக் கல்யாண வீட்டில் பாக்கி நிறுத்தியது 18,000. பெண்ணின் அப்பாவுடைய தம்பி வீட்டு வளைகாப்பு கைவிட்டுப் போனது 12,000. ஒரு வருடச் சந்தா 16,500. கோவை போய்வந்த செலவு தனி. மீதி என் பேர். அம்மாபேட்டையில் இப்போது என்னை ‘ரிமோட் ஸ்டுடியோ’ என்கிறார்கள், அதற்கு நீங்களே விலை போடுங்கள்.

கோபத்தில் ஏதாவது அதிகமாக எழுதியிருந்தால் மன்னிக்கவும். உங்கள் மென்பொருளை நான் வெறுக்கவில்லை, நான்கு பேருக்குச் சிபாரிசு செய்தவன். கேட்பது மூன்றுதான்: பழைய ஸ்லைடர் திரும்ப வேண்டும், அல்லது அழிக்கும் முன் எச்சரிக்கையாவது வேண்டும். இந்த வருடச் சந்தாவைத் திருப்பித் தர வேண்டும். காதைக் காட்டச் சொன்னவர் எழுத்தில் வருத்தம் தெரிவிக்க வேண்டும். மூன்றாவதுதான் முக்கியம்.

15 நாளில் பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிடுவேன், அடுத்து சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், இந்த முறை பஸ் ஏற வேண்டியது நீங்கள். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் எனக்கு வழக்குக் கட்டணமும் இல்லை. ‘தொழிலுக்கு வாங்கியவர் நுகர்வோர் ஆக மாட்டார்’ என்று உங்கள் வக்கீல் ஆரம்பிப்பார். சொந்தக் கையால் உழைத்துப் பிழைக்க வாங்கியவனும் நுகர்வோர்தான் என்று அதே சட்டத்தில் இருக்கிறது, விசாரித்துவிட்டேன்.

காலை பதினொன்றுக்கு மேல் கூப்பிடுங்கள். முகூர்த்த நாளில் எடுக்க மாட்டேன்.

இப்படிக்கு,
இன்னும் உங்கள் வாடிக்கையாளர்.

இணைப்பு: சந்தா ரசீது, கோவை பஸ் டிக்கெட் இரண்டு, ‘ஒத்துழைக்கவில்லை’ குறுஞ்செய்தியின் படம், அப்டேட்டுக்கு முன்னும் பின்னும் ஒரே கிளிப்பின் ஒலி. டம்ளர் விழுவது 14-வது நொடியில்.