செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25: புதுப் பெற்றோர் சந்திப்பும் சங்கத்தின் நிலையும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், பொருளாளர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், இப்பொதுக்குழுவுக்கு வருகை தந்துள்ள உறுப்பினர்களுக்கும் அவர்தம் குடும்பத்தாருக்கும் வணக்கம். வேலூர் தொரப்பாடியிலும் அதை ஒட்டிய பகுதிகளிலும் நமது சேவைச் சங்கம் 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை ஆற்றிய பணிகளின் அறிக்கையைச் சங்க விதிகளின்படி உங்கள் முன் வைக்கிறேன்.

கோடையில் பாகாயம் சாலையில் நீர்மோர்ப் பந்தல் அமைத்தோம். பள்ளி திறந்தபோது ஏழை மாணவர்களுக்கு நோட்டுப் புத்தகங்கள் வழங்கினோம். சுதந்திர தினத்தன்றும் குடியரசு தினத்தன்றும் கொடியேற்றி இனிப்பு வழங்கினோம். கண் பரிசோதனை முகாம் வழக்கம்போல் நடந்தது.

இவ்வாண்டு புதிதாகத் தொடங்கியது புதுப் பெற்றோர் சந்திப்பு. மாதந்தோறும் இரண்டாம் சனிக்கிழமை பிற்பகல் சங்கக் கூடத்தில் ஜமக்காளம் விரித்து, உத்திரத்துக் கொக்கிகளில் புடவைத் தூளி கட்டி, கைக்குழந்தை உள்ள தாய்மாரையும் அவர்தம் கணவன்மாரையும் வீட்டுப் பெரியவர்களையும் அழைத்து உட்காரவைத்து, ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவரும் அங்கன்வாடிப் பணியாளர் ஒருவரும் அவர்களோடு பேசுமாறு ஏற்பாடு செய்தோம். பிள்ளை பெறுவதும் வளர்ப்பதும் வீட்டுப் பெண்களின் காரியம், அதில் சங்கத்துக்கு என்ன வேலை என்று செயற்குழுவில் சிலர் கேட்டார்கள். அக்கேள்விக்கு இங்கு முழுமையாகப் பதில் சொல்லக் கடமைப்பட்டுள்ளேன்.

நம் ஊரிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் கணியம்பாடி வட்டாரக் கிராமங்களில் பிரசவித்த பெண்களிடையே நடத்தப்பட்டு, 2002-இல் வெளியான ஓர் ஆய்வில், 11 விழுக்காட்டினருக்குப் பிரசவத்துக்குப் பிறகு மனச்சோர்வு நோய் ஏற்பட்டது தெரியவந்தது. வறுமை, ஆண் குழந்தையை எதிர்பார்த்திருந்த வீட்டில் பெண் பிறந்தது, மாமியாரோடும் பெற்றோரோடும் மனத்தாங்கல், கர்ப்ப காலத்தில் நேர்ந்த துயரங்கள், கூடமாட ஒத்தாசைக்கு ஆள் இல்லாமை ஆகியவற்றை அந்த ஆய்வு காரணங்களாகக் காட்டியது. இவற்றுள் மருந்துக்கடையில் தீர்வு கிடைக்கக் கூடியது ஒன்றுகூட இல்லை. ஆறுதலான பேச்சும் அக்கம்பக்கத்தாரின் துணையுமே இவற்றுக்குத் தேவை. அதைச் செய்வதற்கில்லை என்றால் சேவைச் சங்கம் என்ற பெயர்ப்பலகை நமக்கு எதற்கு என்பதே என் பதில்.

சந்திப்பைச் சித்திரை மாதத்தில் தொடங்கியதால், முதலில் எழுந்தது தண்ணீர்ப் பேச்சுதான். வேலூர் வெயிலில் பெரியவர்களுக்கே நா வறள்கிறதே, பச்சைப் பிள்ளைக்கு வறளாதா என்று ஒரு பாட்டியம்மாள் பாலாடையும் வெந்நீர் பாட்டிலுமாகவே வந்திருந்தார். செவிலியர் அம்மா அவரைக் கடிந்துகொள்ளவில்லை. தாய்ப்பாலில் பெரும்பகுதி தண்ணீர்தான் என்றும், 6 மாதம் முடியும்வரை எந்த வெயிலிலும் தாய்ப்பாலே போதும் என்றும், சிறிய வயிறு தண்ணீரால் நிறைந்துவிட்டால் குழந்தை பால் குடிப்பது குறைந்து, அதனால் தாய்க்குப் பால் சுரப்பதும் குறையும் என்றும் பொறுமையாக விளக்கினார். தண்ணீர் குடிக்க வேண்டியவள் உங்கள் மருமகள்தான் என்று அவர் முடித்தபோது, பத்தியம் என்று சொல்லித் தாய்க்குத் தண்ணீரையும் கீரையையும் குறைத்து வைத்திருந்த மற்ற வீட்டாரும் காதுகொடுத்துக் கேட்டார்கள். பிறந்தவுடன் நாவில் இனிப்பு தொட்டுச் சேனை வைப்பது, சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டுவது, தொப்புளில் பொடி வைப்பது, உரைமருந்து புகட்டுவது ஆகியவை பற்றியும் அடுத்தடுத்த சந்திப்புகளில் இவ்வாறே, யாரையும் புண்படுத்தாமல் பேசப்பட்டது.

புதன்கிழமைத் தடுப்பூசி குறித்த அச்சமும் பல வீடுகளில் இருந்தது. பிறந்தவுடன் இடது தோளில் போடப்படும் பி.சி.ஜி. என்ற காசநோய்த் தடுப்பூசி சில வாரங்களில் சிறு கட்டியாக எழும்பி, உடைந்து, தழும்பாக ஆறுவது இயல்பு என்று தெரியாமல், அதன்மேல் மஞ்சளும் களிம்பும் பூசி, அடுத்த ஊசிக்கே போகாமல் இருந்த ஒரு தாய், 6, 10, 14 வார ஊசிகள் ஏன் என்று கேட்டறிந்த பின் அடுத்த புதன்கிழமையே சுகாதார நிலையத்துக்குச் சென்று வந்தார்.

காகித வேலைகளிலும் உதவினோம். பிறப்பை 21 நாள்களுக்குள் கட்டணமின்றிப் பதியலாம் என்பது பலருக்குத் தெரிந்திருந்தது. பெயரை ஓராண்டுக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம், அதன் பின் தாமதக் கட்டணம் உண்டு என்பது தெரியவில்லை. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் பாஸ்போர்ட் வரை பிறப்புச் சான்றிதழே பிறந்த தேதிக்கான ஆதாரம் என்பதால், எண்கணிதம் பார்த்துப் பெயரைத் தள்ளிப்போடும் வீடுகளுக்கு இதை வற்புறுத்திச் சொன்னோம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் 18,000 ரூபாய் மதிப்புள்ள உதவி கிடைக்கிறது; ஆனால் வங்கிக் கணக்கில் ஒரு பெயரும் ஆதாரில் ஒரு பெயருமாக இருந்து தவணை நின்றுபோனவர்களை, பிக்மி எனப்படும் கர்ப்பப் பதிவு எண்ணோடு கிராமச் சுகாதாரச் செவிலியரிடம் அழைத்துச் சென்றோம்.

ஒரு சந்திப்பில், யார் என்ன கேட்டாலும் தலையை மட்டும் அசைத்துக்கொண்டு, தூளியில் அழும் குழந்தையைப் பார்த்தும் எழாமல் உட்கார்ந்திருந்த இளம்பெண்ணைச் செவிலியர் அம்மாதான் கவனித்தார். பிரசவித்த சில நாள்களில் காரணமின்றி அழுகை வருவது பலருக்கு உண்டு, அது இரண்டு வாரத்தில் தணிந்துவிடும். தணியாமல் நீடித்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்று, வெளியே வண்டியின்மேல் உட்கார்ந்திருந்த கணவரை உள்ளே அழைத்துச் சொன்னார். அந்தத் தம்பி சோம்பல் என்றே எண்ணியிருந்தாராம். மருத்துவமனைக்கு அவரே அழைத்துச் சென்றார். 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணைக் கூடத்தின் சுவரில் அன்றுமுதல் எழுதி வைத்துள்ளோம்.

இத்தனைக்கும் வந்து நின்ற உறுப்பினர்கள் யார் என்பதை வருகைப் பதிவேடு சொல்லும். கண் முகாமில் மேடையில் இடம் போதாத அளவுக்கு வந்த நம்மவர்கள், இரண்டாம் சனிக்கிழமைகளில் பெரும்பாலும் வரவில்லை. ஜமக்காளம் விரித்தவர்களும், பச்சை உடம்புக்காரிகளைத் தங்கள் காரில் வீடுவரை கொண்டுபோய் விட்டவர்களும் அதே நான்கைந்து பேர்தான். அவர்களது துணைவியார் வீட்டிலிருந்து கொண்டுவந்த சத்துமாவுக் கஞ்சிக்கு இதுவரை நாம் ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை. வர இயலாதவர்களுக்கு வேலையும் குடும்பமும் இருப்பதை அறிவேன். வந்தவர்களுக்கும் அவை உண்டு. மாதக் கூட்டங்களிலும் இதே நிலைதான். கோரம், அதாவது குறைந்தபட்ச வருகை, இன்றி ஒத்திவைத்த கூட்டங்களில் முடிவாக வேண்டிய காரியங்களைத் தலைவரும் நானும் தொலைபேசியில் பேசி முடிக்க நேர்ந்தது. பிறகு எங்களைக் கேட்கவில்லையே என்ற குறை எழுந்தது வருத்தமளித்தது.

சந்தா நிலுவையைப் பெயர் சொல்லிப் படிப்பது நம் மரபன்று. எனினும் உறுப்பினர்களுள் கணிசமானோர் இவ்வாண்டுச் சந்தாவையும், சிலர் சென்ற ஆண்டுச் சந்தாவையும் இன்னும் செலுத்தவில்லை. பலமுறை நினைவூட்டியாகிவிட்டது.

கணக்கைப் பொருளாளர் தனியே வைப்பார். சுருக்கமாகச் சொன்னால், வரவு ஏறத்தாழச் செலவுக்கு ஈடாக இருந்தது. வழக்கமான நிகழ்ச்சிகளின் செலவை நன்கொடைகள் ஈடுகட்டின. கையிருப்பு சென்ற ஆண்டைவிடச் சற்றுக் குறைவு. புதுப் பெற்றோர் சந்திப்புக்கான செலவு மிகச் சிறியது என்பதை மட்டும் நானே சொல்லிவிடுகிறேன்.

தலைவர், பொருளாளர், தணிக்கையாளர், கூடத்தைப் பராமரிக்கும் பணியாளர், பந்தல்காரர், நன்கொடையாளர்கள் அனைவருக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி. ஊதியம் ஏதும் பெறாமல் வந்த செவிலியர் அம்மாவுக்கும் அங்கன்வாடிப் பணியாளருக்கும் தனிப்பட நன்றி தெரிவிக்கிறேன்.

வரும் ஆண்டில் இச்சந்திப்பைத் தொடர முடியுமா என்று கேட்டால், இப்போதுள்ள கைகளை வைத்துக்கொண்டு முடியாது என்பதே என் கருத்து. பிரசவித்த முதல் மாதத்தில் தாய் வெளியே வருவதில்லை. துணை மிகத் தேவைப்படும் காலமும் அதுவே. ஆகவே வீட்டுக்கே சென்று பார்க்க மகளிர் இருவர் இருவராக வேண்டும். இளந்தந்தையரோடு பேசச் சில ஆண் உறுப்பினர்கள் வேண்டும். செவிலியர் சொல்வதைவிட, பிள்ளை வளர்த்த இன்னொரு தகப்பன் சொல்வதை அவர்கள் கேட்கிறார்கள். மாதம் ஒரு பிற்பகல் கார் தரக்கூடியவர்கள் வேண்டும். இப்பொறுப்பை என்னைவிடச் சிறப்பாகச் செய்யக்கூடியவர்கள் இந்தக் கூடத்திலேயே இருக்கிறார்கள். அவர்கள் முன்வந்தால் செயலாளர் பதவியையும் மனமகிழ்வோடு ஒப்படைக்கிறேன். வாசலருகே உள்ள மேசையில் மாதவாரியாகப் பெயர் எழுதும் தாளையும், பக்கத்திலேயே சந்தா ரசீதுப் புத்தகத்தையும் வைத்திருக்கிறேன். உணவுக்குச் செல்லும் முன் உறுப்பினர்கள் அங்கே சற்று நின்று செல்லுமாறும், இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறும் பொதுக்குழுவை வேண்டுகிறேன்.

தங்கள் பணிவுள்ள,
செயலாளர்