அது ஃபோட்டோ இல்லைங்க

ஆசிரியருக்கு வணக்கம்.

போன வார அறிவியல் பக்கத்தில் டிஎன்ஏ இழைகளின் பொன்னிறப் படத்தைப் போட்டு, 'சக்திவாய்ந்த மைக்ராஸ்கோப்பில் எடுத்த புகைப்படம்' என்று எழுதியிருந்தீர்கள். ப்ளஸ் டூ படிக்கும் என் அண்ணன் மகள் படத்தின் ஓரத்தில் இருந்த அளவுகோட்டை வைத்து ஸ்கேலால் அளந்து பார்த்துவிட்டு, "சித்தப்பா, புக்ல அகலம் 2 நானோமீட்டர்னு இருக்கு, இதுல 12 வருதே?" என்றாள்.

அவள் அளந்தது சரிதான், தலைப்புதான் தப்பு. அது அணுவிசை நுண்ணோக்கியில், அதாவது எங்கள் லேபில் தினமும் ஏஎஃப்எம் என்று சொல்கிறோமே அதில், வந்த படம். மாதிரியைப் பெரிதாக்கிக் காட்டும் லென்ஸ் அதில் இல்லை. முடியின் கனம்கூட இல்லாத ஒரு குட்டிப் பட்டையின் நுனியில் ஊசி இருக்கும், அது மாதிரியைத் தடவிக்கொண்டே போகும்போது பட்டையின் முதுகில் பட்டுத் திரும்பும் லேசர் எவ்வளவு அசைகிறது என்று பார்த்து மேடுபள்ளத்தைக் கணக்கிடுவோம். கரண்ட் போன வீட்டில் தீப்பெட்டியைத் துழாவுகிற மாதிரிதான். ஊசிமுனையே டிஎன்ஏவைவிடப் பல மடங்கு தடிமன் என்பதால் இழை தடித்துத் தெரியும். பொன்னிறம் கம்ப்யூட்டர் பூசியது, பச்சை கேட்டால் பச்சையும் பூசும்.

இவ்வளவு பெரிய கருவிக்கு மாதிரி தயாரிக்கிற விதத்தைப் பார்த்தால் சிரிப்பு வரும். அபிரகத் (மைக்கா) தகட்டில் செலோடேப்பை ஒட்டிப் பிய்த்தால், அணு அளவில் வழவழப்பான புதுப் பரப்பு கிடைக்கும். அதுவும் டிஎன்ஏவும் எதிர்மின்னூட்டம் என்பதால் ஒட்டாது, கொஞ்சம் மெக்னீசியம் உப்பு கலந்தால் ஒட்டிக்கொள்ளும்.

தடவிப் பார்ப்பதை மட்டமாக நினைக்க வேண்டாம். எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பெரும்பாலும் மாதிரியை உலர்த்தியோ உறையவைத்தோ வைக்க வேண்டும், இதில் உப்புநீரிலேயே வைத்துப் பார்க்கலாம். ஜப்பானின் கனசாவா பல்கலைக்கழகத்தில் தோஷியோ ஆண்டோவின் குழு 2010இல், மயோசின் என்ற புரதம் ஆக்டின் என்ற இன்னொரு புரதத்தின் இழைமேல் அடிக்கு 36 நானோமீட்டராக நடப்பதை வீடியோவாகவே பிடித்தது. அப்புறம், கண்ணால் பார்த்தால் தெரியாத ஒன்றும் தொட்டால் தெரியும். 2007இல் கலிஃபோர்னியாவில் நோயாளிகளின் மார்புக்கூட்டு நீரிலிருந்து எடுத்த செல்களை அழுத்திப் பார்த்தபோது, பரவிய புற்றுநோய் செல்கள் சாதாரண செல்களைவிட 70 சதவீதத்துக்கும் மேல் மென்மையாக இருந்தன. பார்வைக்கு இரண்டும் ஒரே மாதிரிதான்.

அடுத்த முறை 'ஏஎஃப்எம் படம், நிறம் செயற்கை' என்று ஒரு வரி போடுங்கள். மொத்தம் நாலே வார்த்தைதான், இடம் இருக்கும்.

இப்படிக்கு,
ஏஎஃப்எம் முன் உட்கார்ந்திருக்கும் ஒரு வாசகன்