உன் தாத்தா பார்த்த இரண்டு வேலைகள்

சேலம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. வீட்டில் நானும் அம்மாவும் பாட்டியும் நலம். தாத்தாவின் முதலாண்டு நினைவு நாளுக்கு ஊர்க்காரர்கள் வைக்கவிருக்கும் பதாகையின் வாசகத்தைப் பார்த்துவிட்டு, 'முன்னாள் பேரூராட்சித் தலைவர் என்பதோடு நிறுத்திவிட்டார்களே, அதற்கு முன்னால் தாத்தா என்னதான் செய்துகொண்டிருந்தார்?' என்று கேட்டிருந்தாய். தொலைபேசியில் சொல்லி முடிகிற சங்கதி இல்லை என்பதால் கடிதமாக எழுதுகிறேன். அவர் தலைவராக இருந்தது ஐந்தே ஆண்டுகள். வேட்டிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய் ஆர்டர் பிடித்தது முப்பது ஆண்டுகளுக்கு மேல். என்னைக் கேட்டால், நாற்காலியில் உட்கார்ந்த பிறகு அவர் நடந்துகொண்ட விதம் முழுவதையும் அவர் ஜவுளிக்கடை வாசல்களில்தான் கற்றிருந்தார்.

நம் தெருவில் அந்த நாளில் வீட்டுக்கு வீடு குழித்தறி, அதாவது தரையில் வெட்டிய குழிக்குள் கால் வைத்து மிதித்து நெய்யும் கைத்தறி, இருந்தது. சேலத்து வெண்பட்டு வேட்டிக்கும் அங்கவஸ்திரத்துக்கும் கல்யாண வீடுகளில் என்ன மதிப்பு என்பது உனக்குத் தெரியும். ஆனால், நெய்கிறவர் விற்கக் கிளம்பினால் தறி நின்றுவிடும். தறி நின்றால் அந்த வாரம் அடுப்பு எரியாது. எனவே தெருவில் சில குடும்பங்கள் தங்கள் சரக்கைத் தாத்தாவை நம்பிக் கொடுத்தார்கள். விற்றதில் அவருக்குக் கமிஷன். ஆர்டர் பிடிக்கப் போகும் ஊர்களின் வரிசையை 'லைன்' என்பார்கள். கிழக்கு லைன் என்றால் வாழப்பாடி, ஆத்தூர், சின்னசேலம், கள்ளக்குறிச்சி, உளுந்தூர்பேட்டை, விழுப்புரம் வழியாகத் திண்டிவனம். தெற்கு லைன் என்றால் நாமக்கல், கரூர், திண்டுக்கல், மதுரை. ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது என்பதால் கடைகளில் கூட்டம் இருக்காது. முதலாளிகள் ஆவணிக்கும் தைக்கும் வேண்டிய சரக்கைப் பற்றி நிதானமாகப் பேசுவது அந்த மாதங்களில்தான். ஆகவே கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவுக்குச் சேலமே திரண்டிருக்கும்போது, என் அப்பா மட்டும் விழுப்புரத்து லாட்ஜ் ஒன்றில் கணக்கு எழுதிக்கொண்டிருப்பார். எங்களை ராட்டினம் ஏற்றியது எப்போதும் பாட்டிதான்.

பாட்டியைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எந்தப் பதாகையிலும் அவர் பெயர் வரப்போவதில்லை. யார் எத்தனை உருப்படி கொடுத்தார்கள், யாருக்கு நூலுக்கு முன்பணம் போயிருக்கிறது, எந்தக் கடையிலிருந்து எவ்வளவு வரவேண்டும் என்பதையெல்லாம் மனத்திலேயே வைத்துக்கொண்டு, தானும் தறியில் உட்கார்ந்து நெய்தவர் அவர். தாத்தா வெளியூரில் எல்லோரிடமும் சிரித்துப் பேசி, அந்தச் சிரிப்பையெல்லாம் செலவழித்துவிட்டு வந்தவர் போல வீட்டில் பேசாமல் இருப்பார். அது எங்களுக்கு வருத்தமாகத்தான் இருந்தது. இப்போது அவர் இல்லை என்பதற்காக அதை மறைத்து எழுத எனக்கு விருப்பமில்லை.

பள்ளி விடுமுறையில் என்னையும் சில முறை லைனுக்கு அழைத்துப் போயிருக்கிறார். கடையில் ஒரு வாடிக்கையாளர் நின்றாலும் அவர் சாம்பிள் பையைத் திறக்க மாட்டார். வாசல் ஓரமாக நின்று, துணி வாங்க வந்தவர்கள் எதைத் தொட்டுப் பார்க்கிறார்கள், எதை ஒதுக்குகிறார்கள் என்று கவனித்துக்கொண்டிருப்பார். 'முதலாளி நமக்குச் சொல்லாததை வாங்க வருகிறவன் சொல்லிவிடுவான்' என்பார். முறை வந்ததும் பழைய பாக்கியை வாங்கி நோட்டில் வரவு வைத்த பிறகுதான் புது ஆர்டரைப் பற்றிப் பேசுவார். பாக்கி கேட்டால் ஆர்டர் போய்விடும் என்று மற்ற லைன்காரர்கள் பயந்தார்கள்; பாக்கியைக் கேட்காத இடத்தில் ஆர்டர் எடுப்பது தெருவிலுள்ள நெசவாளியின் சோற்றைக் கடன் கொடுப்பதாகும் என்பது அவர் வாதம். அதோடு, தேதி சொன்னால் அந்தத் தேதிக்குச் சரக்கு லாரி ஆபீஸில் புக்கிங் ஆகியிருக்கும். மழைக்காலத்தில் மட்டும் தேதியே சொல்ல மாட்டார். மழைத் தண்ணீர் குழித்தறிக்குள் இறங்கினால் கால்மிதி வேலை செய்யாது. நெய்வதற்காக நீளவாக்கில் நீட்டும் நூலான பாவும் ஈரத்தில் ஆறாது.

அவர் தேர்தலில் நின்றது 1996 அக்டோபரில். 1986க்குப் பிறகு தமிழ்நாட்டில் பத்தாண்டுக் காலம் உள்ளாட்சித் தேர்தலே நடக்கவில்லை. 1991 முதல் தனி அலுவலர்கள்தான் நிர்வாகம் பார்த்தார்கள். நகர உள்ளாட்சிகளுக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தலைக் கட்டாயமாக்கிய அரசியல் சட்டத்தின் 74வது திருத்தம் வந்த பிறகு நடந்த அந்தத் தேர்தலில், தலைவரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள். நெசவுத் தெருக்கள் சேர்ந்து அவரைச் சுயேச்சையாக நிறுத்தின. மேடையில் பேசியவர்கள், ராஜாஜியே 1917 முதல் 1919 வரை சேலம் நகராட்சித் தலைவராக இருந்துதானே மேலே போனார் என்றெல்லாம் அடுக்கினார்கள். தாத்தா கூச்சத்தோடு உட்கார்ந்திருந்தார். அவருக்கு மேடைப் பேச்சு வராது. ஒருவர் எதிரில் ஒருவராக நின்று பேசத்தான் வரும். அதனால் வீடு வீடாக ஏறி இறங்கி வென்றார்.

வென்றதும், அப்போது பேரூராட்சிகளுக்கும் பொருந்திய 1920ஆம் ஆண்டு மாவட்ட நகராட்சிகள் சட்டத்தின் பிரதி ஒன்றை வாங்கி, தெரிந்த ஆசிரியர் ஒருவரிடம் கொடுத்துப் பிரிவு பிரிவாக விளக்கம் கேட்டுக்கொண்டார். தலைவர் பதவி வீட்டுக்குச் சோறு போடாது என்பதால் லைனையும் அவர் விடவில்லை; அந்தச் சட்டப் புத்தகம் வேட்டிகளுக்கு நடுவே திண்டிவனம் வரை போய் வந்தது. மாதக் கூட்டத்துக்கு முதல்நாள் இரவு எப்படியாவது பஸ் ஏறி வந்துவிடுவார்.

அலுவலகத்தில் அவர் முதலில் கேட்டது நிலுவைப் பட்டியலை. வீட்டு வரியிலும் குடிநீர்க் கட்டணத்திலும் ஆண்டுக்கணக்கான பாக்கி இருந்தது. குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாத நிலையில் பணம் கட்ட யாருக்கு மனம் வரும்? செயல் அலுவலர் நோட்டீஸ் அனுப்பலாம் என்றார். தாத்தா பில் கலெக்டரை அழைத்துக்கொண்டு நடந்தே கிளம்பினார். முதலில் நம் வீட்டுக்கு வந்து பாட்டியிடம் பாக்கியைக் கேட்டு ரசீது போட வைத்தார். அடுத்து வார்டு உறுப்பினர்கள் வீடு. அதற்கடுத்து ஊரிலேயே பெரிய பாக்கி வைத்திருந்த கல்யாண மண்டபம், அதுவும் மண்டபத்தில் ஆட்கள் இருக்கும் நேரமாகப் பார்த்து. சத்தம் போடவில்லை, மிரட்டவில்லை. 'நீங்கள் கொடுத்தால்தான் மற்றவரிடம் நான் கேட்க முடியும்' என்று நின்றார். ஒரு முறை இல்லையென்றால் மறுநாளும் அதே நேரத்துக்குப் போய் நின்றார். கடை வாசலில் நின்று பழகிய காலுக்கு அது ஒரு சிரமமே இல்லை.

அந்தப் பணத்தில் முதலில் மெயின் ரோட்டுக்கு அலங்கார விளக்கு போடவேண்டும் என்று சிலர் விரும்பினார்கள். அவர் நெசவுத் தெருக்களுக்குச் சாக்கடை கட்டினார். தன் தெருவுக்கே செய்துகொண்டார் என்று பேசினார்கள். அப்படிப் பேசியதில் ஓரளவு நியாயமும் இருந்தது என்றே நினைக்கிறேன், மேற்குப் பக்கத்துத் தெருக்கள் இன்னும் இரண்டு மழைக்காலம் காத்திருக்க வேண்டியிருந்தது. ஆனால் ஒவ்வோர் ஐப்பசியிலும் தறிக்குழியிலிருந்து குடத்தால் தண்ணீர் இறைத்த வீடுகளில் அந்த ஆண்டு தறி நிற்காமல் வேட்டி நெய்து அறுத்தெடுத்தார்கள். தெருவில் விளக்குக் கம்பம் நடுவதிலும் ஒரு பிடிவாதம் பிடித்தார். விடியற்காலையில் தெரு நீளத்துக்குப் பாவை நீட்டிக் கஞ்சி போட்டு ஆற்றுவார்களே, அந்த இடத்துக்குக் குறுக்கே எதுவும் வரக்கூடாது என்று தீர்மானம் போட்டு, கம்பங்களைச் சுவரோரமாகத் தள்ளிவைத்தார். இன்று பாவு நீட்ட ஆள் இல்லை, விசைத்தறிச் சத்தம்தான் கேட்கிறது. வேட்டி உள்ளிட்ட சில வகைகளைக் கைத்தறிக்கே ஒதுக்கி 1985இல் மத்திய அரசு சட்டம் போட்டதே, அது காகிதத்திலேயே இருக்கிறது என்பது கடைசிவரை அவர் மனக்குறை.

2001 தேர்தலில் தோற்றார். எதிரணியினர் அவரை 'வசூல் தலைவர்' என்றே சொல்லி ஓட்டுக் கேட்டார்கள். பாக்கி கட்டிய வீடுகளில் பலவற்றுக்கு அந்தக் கோபம் உள்ளூர இருந்திருக்கிறது. அவர் அதைப் பற்றி எங்களிடம் ஒன்றும் பேசவில்லை. அலுவலகச் சாவியையும் கோப்புகளையும் பட்டியல் போட்டு ஒப்படைத்துவிட்டு, அந்த வாரமே கிழக்கு லைனுக்குக் கிளம்பினார். தோற்ற செய்தி தெரியாத திண்டிவனத்துக் கடைக்காரர், 'தலைவர் வந்திருக்கிறார், டீ சொல்லப்பா' என்று பையனைக் கூப்பிட்டாராம். தாத்தா அதைத் திருத்தவில்லை. டீயைக் குடித்து முடித்துவிட்டு, நோட்டை எடுத்துப் பழைய பாக்கியைக் கேட்டாராம்.

அன்புடன்,
அப்பா