திரும்பும் டிக்கெட்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே இருவரும் நலம். அம்மாவின் முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது. நீ அனுப்பிய பயணத் திட்டத்தை ஜெராக்ஸ் கடைத் தம்பியிடம் கொடுத்துப் பெரிய எழுத்தில் அச்செடுத்து வாங்கினேன். நாலு தடவை படித்தாயிற்று.

சாம்பியாவில் எத்தனையோ பெரிய காடுகள் இருக்க, 390 சதுர கிலோமீட்டர் உள்ள கசங்காவை நீ தேர்ந்தெடுத்ததில் எனக்கு ரொம்ப சந்தோஷம். "அவ்வளவு தூரம் போய் வௌவாலையா பார்க்கணும்?" என்று அம்மா கேட்டாள். நம்ம கோயில் இலுப்பை மரத்தில் தொங்குகிற மாதிரி பத்து இருபது இல்லை, காங்கோ பக்கமிருந்து லட்சம் லட்சமாக வந்து ஒரு சின்னச் சதுப்புக்காட்டில் இறங்கும், பாரம் தாங்காமல் கிளை முறியும் என்று சொன்னேன். பொழுது சாய்ந்தால் காட்டுப்பழம் தேடிக் கிளம்பி, விடியும் முன்னால் அதே மரங்களுக்கு வந்துவிடுமாம். அதைக் கேட்டதும் நவம்பர் எப்போது வரும் என்று அம்மாவே விரல் விட்டு எண்ணுகிறாள்.

லுசாகாவிலிருந்து 500 கிலோமீட்டருக்கு மேல். கபிரி ம்போஷி, ம்குஷி, செரெஞ்சே என்று வரைபடத்தில் பென்சிலால் கோடு போட்டுப் பார்த்தேன். தார் எஸ் சலாம் துறைமுகத்துக்குப் போகிற லாரியெல்லாம் அந்த ரோட்டில்தானே வரும்? மழையும் தொடங்கியிருக்கும். இருட்டில் ஓட்டாதே. வண்டி ஓட்டுபவர் என்ற இடத்தில் உன் பெயர் மட்டும்தான் இருக்கிறது. மாப்பிள்ளை நன்றாக ஓட்டுவாரே. வேலை இருக்கும். நம் குடும்பத்தில் அவ்வளவு தூரம் தனியாக வண்டி ஓட்டிய பெண் நீதான் என்று உன் அத்தையிடம் சொன்னேன், வாயடைத்துப் போனாள். ஆனால் மூன்று வாரமாக வீடியோவில் முகத்தைக் காட்டாமல் இரண்டு வரி மெசேஜோடு நிறுத்திக்கொள்கிறாயே, அது நன்றாக இல்லை.

கருநீலமும் கறுப்பும் உடுத்த வேண்டாம், செட்சி ஈ அந்த நிறத்தைத் தேடி வந்து கடிக்குமாம். உன்னிடம் இருப்பதெல்லாம் கருநீலம்தான். கொசுவலை இல்லாமல் படுக்காதே. குடில் இரண்டு என்று போட்டிருக்கிறாய், எங்களுக்கு ஒன்று, உனக்கு ஒன்று. சரி. சிடடுங்கா மான் பார்க்க மஹோகனி மரத்தில் 18 மீட்டர் உயரத்தில் பரண் இருக்கிறதே, ஃபிப்வே, அங்கே அம்மாவை ஏற்ற முடியாது. நீயும் நானும் ஏறுவோம், அவள் கீழே இருக்கட்டும். இருட்டில் மட்டும் ஓட்டாதே.

ஆப்பிரிக்காவைச் சுற்றி ஆராய்ந்த ஸ்காட்லாந்துக்காரர் லிவிங்ஸ்டன் இறந்த இடம் பக்கத்தில்தான், கடைசி நாள் போகலாம் என்று எழுதியிருக்கிறாய். எனக்காகத்தான் சேர்த்திருக்கிறாய், தெரியும். 1873-இல் சிதாம்போ கிராமத்தில் அவர் இறந்ததும், இதயத்தை அங்கேயே ஒரு மரத்தடியில் புதைத்துவிட்டு, அவரிடம் வேலை பார்த்த சூமாவும் சூசியும் மற்றவர்களும் உடலைப் பல மாதம் நடந்தே கடற்கரைக்குச் சுமந்து போனார்கள். வகுப்பில் அந்தச் சுமந்தவர்களை ஒரே வரியில் கடந்துவிடுவேன். நாலைந்து நாளாக அவர்கள்தான் மனசில் நிற்கிறார்கள். அவரைச் சொந்த ஊரில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்று யாரும் அவர்களிடம் கேட்கவில்லை. அவர்களுக்காகவே தோன்றியிருக்கிறது.

எனக்குத் தோன்றவில்லை பாப்பா. போன வருஷம் நீ லீவுக்கு வந்தபோது, கிளம்புகிற அன்று பெட்டியை எடை போடத் தூக்கினேன். நீ பீரோ அடித்தட்டில் பழைய பட்டுப்புடவைக்குக் கீழே வைத்திருந்த சர்ட்டிபிகேட் ஃபைல் என் கண்ணில் பட்டது. பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் மேலாக இருந்தது. "இங்கேயே இருக்கட்டும்பா" என்றாய். பத்து நாள் லீவுக்கு வருகிறவள் எதற்காக அதையெல்லாம் கொண்டுவர வேண்டும்? புரியாமல் இல்லை. புரிந்துதான், "அங்கே வேலைக்குத் தேவைப்படும்மா" என்று துணிக்கடியில் திணித்து ஜிப்பை இழுத்தேன். ஜிப் பாதியில் மாட்டிக்கொண்டது. நீதான் குனிந்து பிடித்துக் கொடுத்தாய். சம்பந்தி வீட்டில் என்ன சொல்வது, தெருவில் என்ன சொல்வது என்பதே என் தலைக்குள் ஓடியது. வரனைப் பார்த்து முடித்தவன் நான் என்பதால் வாயைத் திறக்கவில்லை. ஏர்போர்ட்டில் நீ திரும்பிப் பார்த்தபோது டிராலியைத் தள்ளுகிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

இதை அம்மாவிடம் சொன்னதில்லை. இந்தக் கடிதத்தையும் காட்டவில்லை.

வருவதற்கு இரண்டு டிக்கெட் போட்டாயிற்று. திரும்புவதற்கு இன்னும் போடவில்லை. இரண்டா மூன்றா என்று மட்டும் சொல்லு, காரணம் எழுத வேண்டாம். அந்த ஃபைலை உன் கைப்பையிலேயே வைத்துக்கொள், பெட்டியில் போடாதே.

அம்மா நார்த்தங்காய் உப்பில் போட்டிருக்கிறாள், உனக்கு ஒரு ஜாடி தனியாக.

அப்பா