பாலத்தைக் கடல் கொண்டுபோகவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் புதுச்சேரிக் கடற்கரை பற்றிய கட்டுரையில், "பழைய துறைமுகப் பாலத்தைக் கடல் கொண்டுபோய்விட்டது" என்று ஒரு வரி வந்திருந்தது. கரையிலிருந்து கடலுக்குள் நீண்டு நின்ற பாலம் அது. படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. முப்பது வருஷம் கடலோரத்தில் கொத்து வேலை பார்த்தவன் நான். கடல்மேல் பழியைப் போட்டுவிட்டால் அப்புறம் யாரையும் கேள்வி கேட்க வேண்டியதில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

பிரெஞ்சுக்காரர்கள் 1866ல் போட்ட முதல் பாலம் 1952 புயலில் போனது. அதைக் கடல் கொண்டுபோனது என்று எழுதுங்கள், ஒப்புக்கொள்கிறேன். அதற்குப் பிறகு 1956ல் ஆரம்பித்து 1962ல் முடித்த கான்கிரீட் பாலம் அப்படியா? 2004 சுனாமியில் நின்றது. 2011 டிசம்பர் 30ல் 'தானே' என்ற புயல் ஊரையே புரட்டிப் போட்டதே, அன்றும் நின்றது. 2022 மார்ச் 6ல், புயலாகக்கூட மாறாத ஒரு தாழ்வு மண்டலம் கிளப்பிய அலையில் விழுந்தது. தங்களுக்குத் தெரியாததில்லை, அது ஒரே நாளில் பலவீனமான பாலம் இல்லை.

எப்போதும் தண்ணீருக்குள் இருக்கிற தூண் அவ்வளவு சீக்கிரம் கெடாது. அலை தெறித்து நனைந்து, வெயிலில் காய்ந்து, மறுபடி நனைகிற இடம்தான் முதலில் போகும். உப்பு உள்ளே இறங்கிக் கம்பியைத் தொடும். துரு கம்பியைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கும். வெளியே மயிரிழை விரிசலும் பழுப்புக் கசிவும்தான் தெரியும். சுத்தியலால் தட்டிப் பார்த்தால் நல்ல இடம் 'ணங்' என்னும், கெட்ட இடம் காலிப் பானை மாதிரி 'டொப்' என்னும்.

தெற்கே ஒரு மீன்பிடித் துறையில் படகு கட்டுகிற ஜெட்டி மேடை ரிப்பேருக்குப் போனேன். பாதித் தூண்கள் 'டொப்' என்றுதான் சொல்லின. கம்பிக்குப் பின்பக்கம் வரை கொத்தி, துருவைச் சுரண்டி, தேய்ந்த இடத்தில் புதுக்கம்பி சேர்த்து, தூணைச் சுற்றிப் புதுக் கான்கிரீட் போட வேண்டும் என்று சொன்னேன். "எஸ்டிமேட்டில் அதுக்கு இடமில்லை, பூசி விடுப்பா" என்றார் மேலே இருந்தவர். பூசினேன். என் கையால்தான் பூசினேன். அடுத்த மழைக்காலம் முடிந்து போய்ப் பார்த்தால், பூச்சு தகடு தகடாகப் பெயர்ந்து கிடந்தது, உள்பக்கமெல்லாம் துருக்கறை. அந்தத் தகடு ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தது இன்னும் மறக்கவில்லை.

திருவனந்தபுரம் வலியதுறையில் 1956ல் கட்டிய கடல் பாலமும் 2024ல் இரண்டாகப் பிளந்ததே, அதையும் தங்கள் பத்திரிகை அலையின் கணக்கில்தான் எழுதியது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கடற்கரையில் மணல் திரும்பியதைக் கட்டுரை பாராட்டுகிறது. சந்தோஷம். அந்த மணல் ஏன் போனது என்று ஒரு வார்த்தை இல்லையே! 1980களின் பிற்பகுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காகக் கல் கொட்டி அணை போட்டார்கள். வருஷத்தில் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே ஓடுகிற மணல் அங்கே தடைப்பட்டது. நகரத்துக் கரை அரித்தது. சின்ன வயதில் நாங்கள் ஓடி விளையாடிய இடத்தில் கருங்கல்தான் மிஞ்சியது. 2018ல் தண்ணீருக்கடியில் தடுப்பு வைத்த பிறகுதான் கொஞ்சம் மணல் சேர்ந்திருக்கிறது. கால் ஊன்றி நிற்கிற பாலத்துக்கு அடியில் மணல் அதுபாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும், கல் அணை அதை விடாது. எங்கள் பக்கத்து மீனவர் யாரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள். முகத்துவாரத்தைத் தூர்வாரச் சொல்லி அவர்கள் இன்றும் மனு கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

மூன்று வருஷத்துக்கு முன்பும் இதே விஷயமாக எழுதினேன், பிரசுரம் ஆகவில்லை. இடமில்லாமல் இருந்திருக்கும், சரி. இந்தத் தடவை நான் கேட்பது ஒரே ஒரு வரி. "60 வருஷம் உப்பில் நின்று வலுவிழந்த பாலம் விழுந்தது" என்று அடுத்த இதழில் திருத்தம் போடுங்கள். முடிந்தால் பாலம் முழுசாக இருந்தபோது எடுத்த படம் ஒன்றையும் பக்கத்தில் சேருங்கள்.

இப்படிக்கு,
நீண்டநாள் வாசகன்,
வம்பாகீரப்பாளையம், புதுச்சேரி