மாஸ்டர் பாஸ்வேர்டு உங்கள் சர்வருக்கு வருவது குறித்த புகார்

அனுப்புநர்
கணினி, செல்போன் சர்வீஸ் செய்வோர்,
காட்பாடி – சத்துவாச்சாரி,
வேலூர் மாவட்டம்.

பெறுநர்
வாடிக்கையாளர் குறைதீர்ப்பு அலுவலர்,
பாஸ்வேர்டு மேனேஜர் பிரிவு.

பொருள்: பணம் கட்டி வாங்கிய பாஸ்வேர்டு மேனேஜரில் உள்ள பாதுகாப்புக் குறைகள் – திருத்தம், பணம் திரும்பப் பெறுதல், கணக்கை முழுமையாக அழித்தல் தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். உங்கள் பாஸ்வேர்டு மேனேஜரின் ஓராண்டுக் குடும்பத் திட்டத்தை வாங்கி, ஆண்ட்ராய்டு போன் இரண்டிலும் விண்டோஸ் கணினி ஒன்றிலும் போட்டுப் பார்த்தோம். வாடிக்கையாளர் போனில் ஏற்றிக் கொடுப்பதற்கு முன் எதையும் இப்படிச் சோதிப்பதுதான் முறை. உண்மையான பாஸ்வேர்டு எதையும் இடவில்லை. எல்லாமே சோதனைக்காக நாங்களே எழுதிக்கொண்டவை. கண்ட குறைகள் பல. முதலில் சொல்லப்போவது சரியாகாவிட்டால் மற்றவற்றைத் திருத்தியும் பயனில்லை.

எல்லாப் பாஸ்வேர்டையும் ஒரு பெட்டகத்தில் பூட்டி, அதைத் திறக்கும் மாஸ்டர் பாஸ்வேர்டு ஒன்றை மட்டும் நினைவில் வைக்கச் சொல்வதுதான் உங்கள் செயலி. "உங்கள் மாஸ்டர் பாஸ்வேர்டு எங்களுக்கே தெரியாது" என்று விளம்பரம் செய்கிறீர்கள். அதே செயலியின் முகப்பில் "மாஸ்டர் பாஸ்வேர்டு மறந்துவிட்டதா?" என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் எஸ்எம்எஸ்ஸில் ஆறு இலக்க ஓடிபி வருகிறது. அடுத்து ஒரு ரகசியக் கேள்வி. இரண்டையும் தாண்டினால் புது மாஸ்டர் பாஸ்வேர்டு வைக்கச் சொல்கிறது. வைத்ததும் பெட்டகத்தில் இருந்த பழைய பாஸ்வேர்டு அத்தனையும் அப்படியே தெரிகிறது. ஏற்கனவே பயன்படுத்திய போனில் சாவி எங்காவது ஒட்டிக்கொண்டிருக்குமோ என்ற ஐயம் வரக்கூடாது என்பதற்காக, ஃபேக்டரி ரீசெட் செய்த, இந்தச் செயலியை இதுவரை பார்க்காத போனில் இதையே மறுபடி செய்தோம். அங்கும் திறந்தது.

மாஸ்டர் பாஸ்வேர்டிலிருந்துதான் பெட்டகத்தின் சாவி உருவாகிறது என்றால், அதை மறந்தவருக்கு நீங்கள் நினைத்தாலும் திறந்து தர முடியாது. திறந்து தருகிறீர்கள் என்றால் இன்னொரு சாவி உங்கள் கையில் இருக்கிறது.

இதை ஊகமாக எழுதவில்லை. கணினியில் உங்கள் ப்ரௌசர் எக்ஸ்டென்ஷனைத் திறந்து, எஃப்12 அழுத்தி, நெட்வொர்க் பகுதியை வைத்துக்கொண்டு லாகின் செய்தால் என்ன போகிறது என்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். நாங்கள் வைத்திருந்த சோதனை மாஸ்டர் பாஸ்வேர்டு எழுத்துக்கு எழுத்து அந்தக் கோரிக்கையில் இருக்கிறது. வழியில் யாரும் படிக்காமல் ஹெச்டிடிபிஎஸ் மூடியிருக்கிறது, சரி. ஆனால் உங்கள் சர்வரில் போய் இறங்கும்போது அது திறந்த எழுத்து. சர்வரின் லாகில் (நடந்ததைப் பதியும் கோப்பில்) ஒரு வரி தவறுதலாகப் பதிவானாலே போதும், அந்த லாகைப் பார்க்கும் ஊழியர் ஒவ்வொருவர் கையிலும் சாவி போய்விடும். முறையாகச் செய்யும் மேனேஜர்கள் மாஸ்டர் பாஸ்வேர்டைப் போனிலேயோ கணினியிலேயோ வைத்துக் கணக்கிட்டு, ஆளை அடையாளம் காண்பதற்கென்று வேறொரு ஹாஷை (பாஸ்வேர்டிலிருந்து கணக்கிட்டுப் பெறும், திருப்பிப் பாஸ்வேர்டாக்க முடியாத குறியீட்டை) மட்டும் அனுப்புகின்றன. மாஸ்டர் பாஸ்வேர்டு சாதனத்தை விட்டு வெளியே போவதே கிடையாது.

இதைக் கேட்டபோது உங்கள் வாடிக்கையாளர் சேவையிலிருந்து வந்த பதில்: "நாங்கள் 256 பிட் குறியாக்கம் பயன்படுத்துகிறோம்." நாங்கள் கேட்டது பூட்டின் அளவைப் பற்றி அல்ல. சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டோம், அதற்கு இன்றுவரை பதில் இல்லை. மாறாக, ஸ்கிரீன் ஷேர் செயலி ஒன்றைப் போட்டுக்கொண்டு, திரை தெரிகிறபடி மாஸ்டர் பாஸ்வேர்டைத் தட்டிக் காட்டச் சொன்னார்கள். பாஸ்வேர்டு விற்கும் நிறுவனத்தின் ஊழியர் எந்தக் காரணத்துக்காகவும் வாடிக்கையாளரிடம் கேட்கக்கூடாத ஒன்று அது.

மீட்புக்கு எஸ்எம்எஸ் ஓடிபியை நம்புவதிலும் இந்தப் பகுதியின் நிலைமை உங்களுக்குத் தெரிய வேண்டும். இங்கே பல வீடுகளில் சிம் ஒருவர் பெயரில், போன் இன்னொருவர் கையில். ஓடிபி பூட்டிய திரையிலேயே தெரிகிறபடி பெரும்பாலான போன்கள் இருக்கின்றன. ரீசார்ஜ் செய்யாமல் துண்டிக்கப்பட்ட எண், 90 நாள் கழிந்தபின் வேறொருவருக்குப் போகலாம். போனால் அவருக்கு ஓடிபியும் போகும். போலி ஆவணம் கொடுத்து டூப்ளிகேட் சிம் வாங்கும் மோசடி வேறு.

அடுத்து அந்த ரகசியக் கேள்வி: "நீங்கள் பிறந்த மாவட்டம் எது?" ஆம்பூரிலோ ஆற்காட்டிலோ 1980-ல் பிறந்தவரை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் பிறந்தபோது அது வட ஆற்காடு மாவட்டம். 1989-ல் பிரித்தபோது வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் ஆனது, பிறகு வேலூர் மாவட்டம் ஆனது. 2019-ல் மறுபடி பிரித்ததில் ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்துக்கும் ஆற்காடு ராணிப்பேட்டை மாவட்டத்துக்கும் போயின. ஒரே ஊருக்கு நான்கு பதில். பள்ளிச் சான்றிதழில் ஒன்று, ஆதாரில் ஒன்று. எதை எழுதி வைத்தோம் என்பது உரியவருக்கே நினைவிருக்காது. திருட வருபவனோ நான்கையும் போட்டுப் பார்ப்பான். உங்கள் செயலி எத்தனை முறை தவறினாலும் தடுப்பதில்லை. உரியவரை வெளியே நிறுத்தி, அயலானை உள்ளே விடுகிற கேள்வி இது.

மறந்தவருக்கு வழி வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. வேலூர் சுற்றுவட்டாரத்தில் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்கள் நிறைய. ஸ்பர்ஷ் பென்ஷன் தளத்தின் பாஸ்வேர்டு கணவரின் போனில் மட்டும் இருந்து, அவருக்கு ஏதேனும் நேர்ந்துவிட்டால் வீட்டில் இருக்கும் அம்மா என்ன செய்வார் என்ற கேள்வி உண்மையானது. அதற்கு நேரான வழிகள் இரண்டு உண்டு. ஒன்று, கணக்குத் தொடங்கும்போதே போனுக்குள் ஒரு நீண்ட மீட்புக் குறியீட்டை உருவாக்கி, தாளில் எழுதி பீரோவில் பத்திரப் பையோடு வைக்கச் சொல்வது. அந்தக் குறியீடு சர்வருக்குப் போகக்கூடாது, போனின் கேலரியில் படமாகவும் கிடக்கக்கூடாது. இன்னொன்று அவசர அனுமதி: மனைவியின் கணக்கிலுள்ள பொதுச் சாவியால் (இது பூட்ட மட்டும்தான், திறக்க அவரிடமுள்ள தனிச் சாவி வேண்டும்) கணவரின் பெட்டகச் சாவியைப் பூட்டி வைப்பது. மனைவி கேட்டால் கணவருக்குத் தகவல் போகும், அவர் குறித்து வைத்த நாட்களுக்குள் மறுக்காவிட்டால் திறக்கும். இரண்டிலுமே நிறுவனத்தின் கையில் சாவி கிடையாது.

அடுத்தது, மாஸ்டர் பாஸ்வேர்டைச் சாவியாக மாற்றும் கணக்கு. உங்கள் எக்ஸ்டென்ஷனின் நிரலில் பாஸ்வேர்டைத் திரும்பத் திரும்பக் கணக்கிட்டுச் சாவியாக்கும் பிபிகேடிஎஃப்2 முறையில் 5,000 சுற்று என்றிருக்கிறது. சுற்று கூடினால் உடைப்பவரின் ஒவ்வொரு ஊகத்துக்கும் நேரம் கூடும். எஸ்ஹெச்ஏ-256 என்ற ஹாஷ் முறையுடன் 6,00,000 சுற்று வேண்டும் என்று மென்பொருள் பாதுகாப்புக்கான ஓவாஸ்ப் அமைப்பு 2023-ல் சொல்லிவிட்டது. 120 மடங்கு வித்தியாசம். அதாவது, பெட்டகம் திருடுபோனால் 120 நாள் பிடிக்கவேண்டிய உடைப்பு வேலை ஒரே நாளில் முடியும். அதே வேலைக்கான ஆர்கான்2ஐடி முறை என்றால் இன்னும் நல்லது. ஓவாஸ்ப் சொல்லும் அளவில் வைத்தால் ஒவ்வொரு முயற்சிக்கும் குறைந்தது 19 எம்பி நினைவகத்தை அது தின்பதால், கிராபிக்ஸ் கார்டுகளை அடுக்கி வைத்து உடைப்பவருக்குச் செலவு ஏறும்.

இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. 2022-ல் லாஸ்ட்பாஸ் என்ற பாஸ்வேர்டு மேனேஜர் நிறுவனத்திலிருந்து வாடிக்கையாளர்களின் பெட்டகப் பிரதிகளே திருடுபோயின. பழைய கணக்குகள் பலவற்றில் சுற்றுகளின் எண்ணிக்கை 5,000-மோ அதற்கும் குறைவோதான். தள முகவரிகளும் குறியாக்கம் செய்யப்படாமல் இருந்தன. அடுத்த ஆண்டே அந்த நிறுவனம் 6,00,000-க்கு ஏறியது. உங்கள் செயலியில் சுற்றுகளும் 5,000, தள முகவரிகளும் திறந்த எழுத்தில் போகின்றன. நெட்வொர்க் பகுதியில் அதையும் பார்த்தோம். யாருக்கு எந்த வங்கியில் கணக்கு, எந்த மருத்துவமனைத் தளத்தில் பதிவு என்பதெல்லாம் அந்த முகவரிப் பட்டியலே சொல்லிவிடும்.

தமிழில் மாஸ்டர் பாஸ்வேர்டு வைப்பவர் உங்கள் செயலியால் வெளியே மாட்டிக்கொள்கிறார். சம்பந்தமில்லாத சில சொற்களைச் சேர்த்து வைத்தால் நினைவிலும் நிற்கும், ஊகிக்கவும் கடினம். சோதனைக்கு வைத்தது: "கொய்யா ஏணி மழை தறி குடை". கண்ணுக்கு 11 எழுத்து, நான்கு இடைவெளி. கணினியில் எழுத்துகளைச் சேமிக்கும் யூனிகோடு முறையில் இது 23 குறியீடு, ஏனென்றால் கொம்பும் காலும் புள்ளியும் தனித்தனிக் குறியீடு. போன் செயலியின் பெட்டி 20-உடன் நிறுத்திக்கொள்கிறது, அதையும் சொல்வதில்லை. திரையில் வெறும் புள்ளிகள் என்பதால் "குடை" என்ற சொல்லில் "க" மட்டும் பதிவானது தெரியாது. கணினியில் அதே ஐந்து சொற்களை முழுதாகத் தட்டினால் "தவறான பாஸ்வேர்டு" என்கிறது.

நீளத்தைக் கூட்டிவிட்டாலும் இன்னொரு கண்ணி இருக்கிறது. "கொய்யா" என்பதில் உள்ள "கொ"வை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ஒகர உயிர்க்குறிக்கு ஒரே குறியீடு, அல்லது ஒற்றைக் கொம்புக்கு ஒன்றும் காலுக்கு ஒன்றுமாக இரண்டு. முதல் விதத்தில் அந்தச் சொல் ஆறு குறியீடு, 18 பைட். இரண்டாவதில் ஏழு குறியீடு, 21 பைட். பார்வைக்கு மயிரிழை வித்தியாசமும் இல்லை. எது பதிவாகும் என்பது விசைப்பலகையைப் பொறுத்தது. ஆக, ஒருவர் கீபோர்டு செயலியை மாற்றினால் சரியான மாஸ்டர் பாஸ்வேர்டே தவறாகிவிடும். ஓகாரத்துக்கும் ஔகாரத்துக்கும் இதே கதி. ஹாஷ் கணக்கிடுவதற்கு முன் யூனிகோடு ஒருமைப்படுத்தல் (இரண்டு விதத்தையும் ஒரே விதமாக்குவது) செய்தால் தீர்ந்தது. நிரலில் ஒரு வரி. அமெரிக்காவின் தர நிர்ணய அமைப்பான நிஸ்டின் வழிகாட்டியும் யூனிகோடை ஏற்கும் இடத்தில் ஒருமைப்படுத்தச் சொல்கிறது, குறைந்தது 64 எழுத்து நீளமாவது அனுமதிக்கச் சொல்கிறது. "தமிழில் கிடைக்கும்" என்று அட்டையில் அச்சிட்டு விற்கிறீர்கள். மெனுவைத் தமிழாக்கியதோடு அந்த வேலை முடிந்துவிடவில்லை.

ஆட்டோஃபில் பற்றி. ரிசர்வ் வங்கியின் உத்தரவுப்படி வங்கிகள் 2025 அக்டோபர் 31-க்குள் தங்கள் தளங்களை டாட் பேங்க் டாட் இன் முகவரிக்கு மாற்ற வேண்டியிருந்தது. பழைய முகவரியில் சேமித்த பாஸ்வேர்டு புதியதில் தானாக நிரம்பாது. அதுதான் சரியான நடத்தை. வாடிக்கையாளர் ஒருமுறை முகவரியைப் பார்த்துத் திருத்திக்கொண்டால் போதும். நீங்களோ புகார் வரக்கூடாது என்று பொருத்தத்தைத் தளர்த்திவிட்டீர்கள். எங்கள் கணினியிலேயே ஒரு வெற்றுப் பக்கம் எழுதி, தலைப்பில் மட்டும் ஒரு வங்கியின் பெயரைப் போட்டோம். யூசர் பெயரும் பாஸ்வேர்டும் தொடாமலேயே நிரம்பின. போலித் தளத்திலிருந்து காப்பாற்றுவதுதான் பாஸ்வேர்டு மேனேஜரின் பெரிய நன்மை, அதையே தொலைத்திருக்கிறீர்கள். முகவரியின் கடைசி இரண்டு துண்டை மட்டும் ஒப்பிடும் குறுக்குவழியும் வேண்டாம். அப்படிச் செய்தால் டாட் பேங்க் டாட் இன் என்று முடிகிற வங்கிகள் எல்லாமே ஒரே தளமாகிவிடும். முழு முகவரியை ஒப்பிடுங்கள், வாடிக்கையாளர் தொட்ட பிறகே நிரப்புங்கள்.

எக்ஸ்போர்ட் செய்தால் எல்லாப் பாஸ்வேர்டும் திறந்த எழுத்தில் ஒரு சிஎஸ்வி கோப்பாக டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் விழுகிறது. எச்சரிக்கை எதுவும் இல்லை. கணினியில் அந்த ஃபோல்டர் கிளவுடோடு இணைந்திருந்தால் அடுத்த நிமிடம் அங்கேயும் ஒரு பிரதி. குறியாக்கம் செய்த எக்ஸ்போர்ட் ஒன்று கட்டாயம் வேண்டும். அதைவிடக் கொடுமை, சந்தா முடிந்ததும் எக்ஸ்போர்ட்டைப் பூட்டிவிடுவது. சந்தா கட்டாதவருக்குப் புதிதாகச் சேர்க்க அனுமதி மறுக்கலாம். அவருடைய பாஸ்வேர்டை அவர் எடுத்துக்கொண்டு கிளம்புவதை மறுக்கக்கூடாது.

சின்னவை: தானாகப் பூட்டும் நேரம் "ஒருபோதும் இல்லை" என்றே வருகிறது, ஐந்து நிமிடமாக்குங்கள். காப்பி செய்த பாஸ்வேர்டு கிளிப்போர்டிலேயே கிடக்கிறது, 30 விநாடியில் அழியுங்கள். பெட்டகத் திரையை ஸ்கிரீன்ஷாட் எடுக்க முடிகிறது. இரண்டாம் சரிபார்ப்புக்கு எஸ்எம்எஸ் தவிர வழியில்லை. ஆத்தென்டிகேட்டர் செயலியும் (போனிலேயே ஓடிபி உருவாக்குவது) பாஸ்கீயும் (பாஸ்வேர்டுக்குப் பதில் போனின் பூட்டைத் திறந்து நுழைவது) சேர்க்க வேண்டும்.

நாங்கள் கேட்பது: கட்டிய சந்தாத் தொகையை முழுதும் திருப்பித் தர வேண்டும். சோதனைக் கணக்கையும் அதன் பேக்கப் பிரதிகளையும் அழித்துவிட்டு எழுத்தில் உறுதி தர வேண்டும். மாஸ்டர் பாஸ்வேர்டு இதுவரை சர்வருக்கு வந்துகொண்டிருந்தது என்பதை எல்லா வாடிக்கையாளருக்கும் தமிழிலும் அறிவிக்க வேண்டும். அந்த அறிவிப்பில், செயலியைத் திருத்திய பிறகு முதலில் மின்னஞ்சல், அடுத்து வங்கி, பிறகு மற்றவை என்ற வரிசையில் பாஸ்வேர்டுகளை மாற்றச் சொல்ல வேண்டும். மின்னஞ்சல் போனால் மற்றவற்றை அதன் வழியாகவே ரீசெட் செய்துவிட முடியும் என்பதால்தான் அது முதலில். திருத்தம் வரும்வரை "எங்களுக்கே தெரியாது" என்ற விளம்பரத்தை நிறுத்துங்கள்.

இந்தக் கடிதம் கிடைத்த 30 நாளுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால், குறைகளின் விவரத்தை இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான சர்ட்-இன்னுக்கு அனுப்புவோம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கியவர் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குத் தொடரலாம். 5 லட்சம் ரூபாய்க்குள் கட்டணமும் இல்லை. வேலூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனுக் கொடுப்போம்.

இணைப்பு: சந்தா ரசீது நகல், நெட்வொர்க் பகுதியின் ஸ்கிரீன்ஷாட் படங்கள், வெற்றுப் பக்கச் சோதனையின் நிரல், வாடிக்கையாளர் சேவையுடன் நடந்த உரையாடல். சோதனை மாஸ்டர் பாஸ்வேர்டு படங்களில் மறைக்கப்படவில்லை. உங்கள் தொழில்நுட்பப் பிரிவு அதையே வைத்து ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
கணினி, செல்போன் சர்வீஸ் செய்வோர்,
காட்பாடி – சத்துவாச்சாரி.

இடம்: வேலூர்